மாமி வீட்டுச் சஹனும் கடைக்குட்டியின் வாயும்

எங்கள் கடைக்குட்டிக்கு அப்போது ஐந்து வயது. அந்த வயதில் அவன் மருதமுனையில் ஒரு தெருவையே நான்கு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், கலக்கினான். எதையும் உடைக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. சாப்பிடாமல் இருந்தே கலக்கினான். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிள்ளைகளே. பிழை கண்டால் பென்சிலால் திருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள்.

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் கோடைகாலத்தில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு. நான் அங்கே பாண் சுடும் பேக்கரி ஒன்றில் வேலை செய்கிறேன். முதலாளியிடம் கேட்டுக் கேட்டு நான்கு கிழமை லீவு எடுத்துக்கொண்டு, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஊருக்குக் கூட்டிவந்தேன். மூத்தவளுக்கு ஒன்பது வயது, நடுவானுக்கு ஏழு. மூவரும் அங்கேயே பிறந்தவர்கள். நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். அவர்கள் வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தார்கள்.

வேன் கல்முனைக்குள் நுழைந்தபோது நடுவான் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டான்: “வாப்பா, இந்த நாட்டில இரிக்கிற எல்லாரும் எங்கட சொந்தமா?”

“எல்லாரும் இல்ல. முக்கால்வாசிப் பேர்,” என்றேன்.

இரண்டு நாளில் அவன் நம்பிவிட்டான். மாமா, சாச்சா, பெரியும்மா, மச்சான், மச்சி என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளினார்கள். “ஸலாம் சொல்லு மகன்” என்று நாங்களும் சொல்லிச் சொல்லி, கடைசியில் கடைக்குட்டி ஆடு, நாய், மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஸலாம் சொல்லத் தொடங்கினான்.

நாங்கள் தங்கியது சாய்ந்தமருதில், மனைவியின் வீட்டில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அங்கே அவன் மாப்பிள்ளை. எத்தனை வருடம் போனாலும், தலை நரைத்தாலும் மாப்பிள்ளைதான். என்னுடைய ஒரே அக்கா, நாங்கள் சொல்வது ராத்தா, மருதமுனையில் இருக்கிறாள். இரண்டு ஊருக்கும் நடுவில் கல்முனையும் பாண்டிருப்பும். ஓட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்.

ராத்தா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டியது அவள்தான். ஊரில் கலியாணம் என்றால் நெய்ச்சோற்றுக்குத் தண்ணீர் அளவு கேட்க அவளிடம்தான் ஆள் அனுப்புவார்கள். அப்படிப்பட்டவள், தம்பியின் பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஒரு மாதத்துக்கு முன்பே கோழிக்குத் தீன் போட்டுக் காத்திருந்தாள்.

முதல் விருந்துக்குப் போனோம். ராத்தா, அவளுடைய கணவரான மச்சான், கலியாணம் முடித்த அவர்களுடைய இரண்டு பெண்மக்கள், மச்சானின் தங்கச்சி, பக்கத்து வீட்டார் என்று பன்னிரண்டு பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். விருந்தாளி சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் எங்கள் ஊர் மரியாதை. எது குறைகிறது என்று பார்த்தால்தானே நிரப்பலாம்? பன்னிரண்டு பேரும் கடைக்குட்டியைப் பார்த்தார்கள். ராத்தா ஒரு பிடி சோற்றைப் பிசைந்து அவனுடைய வாய்க்கு நேரே நீட்டினாள்.

கடைக்குட்டி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். பிறகு, “உறைப்பு,” என்றான்.

“உறைப்பாம்! புள்ளக்கி உறைக்குதாம்!” பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். ஒருத்தி சீனிக்கு ஓடினாள், ஒருத்தி தண்ணீருக்கு ஓடினாள். அன்றைக்கு அவன் பிஸ்கட் மட்டும் தின்றான், அதுவும் உம்மாவின் முந்தானைக்குள் இருந்து.

இரண்டாவது தரம் ராத்தா மிளகாயைப் பாதியாகக் குறைத்தாள். அன்றும் “உறைப்பு.” சரி, பழமாவது தின்னட்டும் என்று ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

“உறைப்பு,” என்றான்.

மச்சான் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. “வாழைப்பழமும் உறைக்குதா மகனே? ஓம், ஓம், ஒங்கட மாமி கையால உரிச்சா உறைக்கத்தான் செய்யும். நான் முப்பது வருசமா திண்டுக்கிட்டிரிக்கன், எனக்கில்லையா தெரியும்!”

எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாழைப்பழத்தைத் தோலோடு சேர்த்துத் திருப்பி மூடினாள், அது திரும்பவும் மூடிக்கொள்ளும் என்பதுபோல.

நாங்கள் புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ராத்தாவிடமிருந்து டெலிபோன் கோல் வந்தது.

“தம்பி, போற அண்டைக்குப் பகல் சோறு இங்க. மிளகாய் ஒண்டும் போடமாட்டன். வெறும் வயித்தோட கூட்டிட்டு வா. ஒன்ட புள்ள என்ட கையால ஒரு பிடி திங்காம ப்ளேன் ஏறிட்டான் எண்டா…” என்று இழுத்தாள். பிறகு, “தெருவில எல்லாரும் கேக்கிறாங்க, மருமகன் திண்டானா எண்டு,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு எங்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வேன் வரும். ஆகவே ராத்தாவுக்கு இருந்தது அந்த ஒரு பகல் மட்டும்தான்.

அன்று விடியக் காலமையே நான் மனைவியிடம் சொல்லிவிட்டேன்: பிள்ளைகளுக்குப் பசியாற வெறும் தேத்தண்ணியும் ஒரு பிஸ்கட்டும்தான். மனைவி ஓம் என்றாள். ஆனால் மனைவியின் ராத்தா, அதாவது என் மதினி, சுபஹுத் தொழுகையோடு எழும்பி மூன்று அடுப்பு மூட்டியிருந்தாள். இடியப்பம், பாற்சொதி, கோழி ஆணம், இனிப்புக்கு வட்டிலப்பம். எல்லாம் மேசையில் ஏறிவிட்டது.

“போற நாளையில பசியோட அனுப்பினா எனக்குத்தான் பாவம். இருங்க மாப்புள.”

இருந்தேன். வேறு என்ன செய்ய? மாப்பிள்ளை “வேணாம்” என்று சொன்னால் சாப்பாடு சரியில்லை என்று பொருள். நான் எட்டு இடியப்பத்தோடு நிறுத்திப் பார்த்தேன்.

“இன்னும் நாலு.”

“போதும் மதினி.”

“போதுமாம்! கேளுங்கடி, போதுமாம்! ஏன், இங்கிலாந்துல வயித்தச் சின்னனாக்கிப்போட்டாங்களா?”

நான் தட்டைக் கையால் மறைத்தேன். மதினி கையின் மேலேயே சொதியை ஊற்றினாள். இந்த இடைவெளியில் பிள்ளைகளின் தட்டுகளும் இரண்டு முறை நிரம்பிக் காலியாகிவிட்டன. கடைக்குட்டி மாத்திரம் மேசைக்குக் கீழே போயிருந்தான். வட்டிலப்பக் கிண்ணமும் கூடவே கீழே போயிருந்தது. அங்கிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. நான் குனிந்து பார்த்தபோது கிண்ணம் வெறுமை.

மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “ஒங்களுக்கு வேணாம் எண்டு சொல்ற வாயே இல்ல. இப்ப ஒங்கட ராத்தாக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?”

“நடந்து போவம்,” என்றேன்.

“எங்க?”

“மருதமுனைக்கி. கடற்கரையால. நடந்தா பசிக்கும்.”

“இந்த வெயில்லயா? எவ்வளவு தூரம் தெரியுமா?”

“கச்சான் காத்து தள்ளிட்டுப் போகும்.”

ஆடி மாதத்துக் கச்சான் காற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது தள்ளவும் செய்யும், வாய்க்குள் மண்ணும் போடும். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். “நான் சாமான்களோட ஓட்டோவில போறன். நீங்க பசியோட வாங்க,” என்றாள்.

பத்து மணிபோல் நானும் பிள்ளைகளும் கடற்கரைக்கு வந்தோம். கடல் அன்று சட்டியில் ஊற்றி வைத்த தண்ணீர்போலக் கிடந்தது. நான் ஒரு சட்டம் போட்டேன்: “வழியில ஆர் கூப்பிட்டாலும் நிக்கக் கூடா. நிண்டா தேத்தண்ணி வரும், தேத்தண்ணியோட கேக் வரும். ஸலாம் சொல்லுங்க, ஓடுங்க.”

பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகப் போய்விட்டது. கல்முனைக்குடியைக் கடக்கும்போது ஒரு வீட்டு வாசலில் மனைவியின் சாச்சி நின்றாள். “அடே, ஆரு இது! வாங்க, உள்ளுக்கு வாங்க!” நான்கு பேரும் “அஸ்ஸலாமு அலைக்கும்!” என்று கத்திக்கொண்டு ஓடினோம். அடுத்தது மனைவியின் மாமா ஒருவர், சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவர் எழும்புவதற்குள் நாங்கள் தாண்டிவிட்டோம். தோணி நிழலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மச்சான் முறைக்காரர் ஒருவர் சத்தமிட்டார்:

“என்ன மச்சான், பொலிஸ் துரத்துதா?”

“இல்ல, சோறு துரத்துது!” என்று நானும் கத்தினேன்.

நடுவான் சிரித்துச் சிரித்து விழுந்தான். மூத்தவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் பறந்தாள். கடைக்குட்டி என் தோளில் இருந்துகொண்டு, இழுத்து வைத்திருந்த தோணிகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக ஸலாம் சொன்னான். நூறு அடிக்கு ஒரு தரம் நான் டொக்டர் மாதிரிக் கேட்டேன்.

“பசிக்குதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்ல, வாப்பா. ஒங்களுக்கு?”

எனக்கு இடியப்பம் நெஞ்சு வரைக்கும் நின்றது.

பாண்டிருப்புக் கடற்கரைக்கு வந்தபோது மூச்சு விட்டேன். அது தமிழ் ஆட்களின் ஊர். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, சாப்பிடக் கூப்பிடவும் ஆள் இல்லை. அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். வலைக்காரப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்தார்.

“தம்பி, சும்மா நிண்டு பாக்கிறவங்களுக்கு மீன் வராது. கயித்தப் புடிங்க.”

பிடித்தோம். நான்கு பேரும் பிடித்தோம். கயிறு ஈரமாகவும் முரடாகவும் இருந்தது. நாங்கள் ஒரு அடி இழுத்தால் கடல் அரை அடி திருப்பி இழுத்தது.

“கடல் களவு செய்யுது வாப்பா!” என்று மூத்தவள் கத்தினாள். “அது பக்கம் நிறைய ஆக்கள்!”

“விடாத புள்ள, அது எங்களையும் தினமும் ஏமாத்திறதுதான்!” என்றார் பெரியவர்.

ஒரு தரம் கயிறு திடீரென்று தளர்ந்தது. வரிசையாக எல்லோரும் பின்பக்கம் விழுந்தோம். என் மேல் நடுவான், நடுவான் மேல் கடைக்குட்டி. கடைக்குட்டி எழும்பி, மண்ணைத் துப்பிவிட்டு, “இன்னொருக்கா விழுவம்,” என்றான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்திருப்போம். வலையின் மடி கரைக்கு வந்தபோது அதற்குள் கீரி மீன் துள்ளிய துள்ளலில் வெயில் துண்டு துண்டாக உடைந்து சிதறியது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் காகங்கள் கலைந்து பறந்தன.

அந்த நேரத்தில் ஒரு அம்மா பானையும் சட்டியும் சுமந்துகொண்டு வந்தாள். வலைக்காரரின் பகல் சோறு. சோற்றின் மேல் மீன்கறியை ஊற்றினாள். அந்தக் கறியின் சிவப்பைப் பார்க்கவே என் கண் எரிந்தது.

“புள்ளைகளும் இழுத்த. வந்து தின்னட்டும்,” என்றார் பெரியவர்.

இங்கேதான் நான் “வேணாம் அண்ணன்” என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவர் அதற்குள் தாமரை இலையை விரித்துவிட்டார். நான் இலைக்கு முன்னால் இருந்துவிட்டேன்.

வலையில் ஒரு இடம் கிழிந்திருந்தது. அது கடலடிப் பார்க் கல்லில் கிழிந்ததா, முதல் நாளே கிழிந்திருந்ததா என்று ஆட்கள் சண்டை பிடித்துக்கொண்டே தின்றார்கள். எல்லோருடைய முகமும் வலைப் பக்கம். கடைக்குட்டி இரண்டு பெரிய முதுகுகளுக்கு நடுவில் இருந்தான். நான் திரும்பிப் பார்த்தபோது அவனுடைய கை முழங்கை வரைக்கும் சிவப்பு. மூக்கால் தண்ணீர் ஓடியது. அதைத் தோளில் துடைத்துக்கொண்டு, “இன்னும்,” என்று இலையை நீட்டினான். அந்த அம்மா இன்னும் போட்டாள். அதையும் தின்றுவிட்டு இலையை நீட்டினான்.

எனக்குச் சந்தோசப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. என் ராத்தா மிளகாயே போடாமல் ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நான் பிள்ளையின் முகத்தையும் கையையும் கடல் தண்ணீரில் கழுவினேன். சட்டையில் பட்ட சிவப்புப் போகவில்லை.

மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மச்சான் வாசல் கடப்பலில் நின்றார்.

“வாங்க, வாங்க! ப்ளேனும் கடற்கரையாலதான் வந்திச்சா?”

வீட்டுக்குள் பாய் விரித்திருந்தது. பாயின் நடுவில் சஹன். ஆறு பேர் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு அது. நெய்ச்சோறு குவித்து, மேலே முந்திரியும் வறுத்த வெங்காயமும் தூவி, பூப்போட்ட துணியால் மூடியிருந்தாள். ராத்தா புதுச் சேலை கட்டியிருந்தாள். சுற்றிவர அதே பன்னிரண்டு பேர். கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

“கையக் கழுவிட்டு வாங்க. மருந்துக்கும் மிளகாய் போடல்ல,” என்று ராத்தா துணியை எடுத்தாள். “நல்ல பசியோடதானே வந்தீங்க?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கடைக்குட்டி சந்தோசமாக முன்னால் வந்தான்.

“மாமி, நான் மீன்கறி திண்டன்! சிவப்புக் கறி. மூணு தரம்!”

ராத்தா அவனுடைய சட்டையைப் பார்த்தாள்.

“எங்க திண்ட மகன்?”

“கடல்ல.”

“உறைக்கல்லையா?”

“உறைச்சிச்சி. மூக்கால தண்ணி வந்திச்சி. நல்லம்.”

ராத்தா துணியை எடுத்துச் சஹனை மெதுவாகத் திரும்பவும் மூடினாள். மச்சான்கூடப் பகிடி விடவில்லை. நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். இடியப்பத்தையும் சொன்னேன், வலையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகவே கேட்டது.

“ஆரோ ஆக்கின சோறாச்சும் புள்ளக்கி ஒத்துக்கிச்சே, அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் ராத்தா. “அப்ப என்ட சோத்துல என்ன குறை? அத மட்டும் சொல்லு வாப்பா. மாமி திருத்திக்கிறன்.”

கேட்டது கடைக்குட்டியிடம்.

“அங்க ஒருத்தரும் என்னப் பாக்கல்ல. எல்லாரும் வலையப் பாத்த.”

“இங்க?”

அவன் விரலை நீட்டி ஒவ்வொருவராகக் காட்டத் தொடங்கினான். “மாமி பாத்த. மாமா பாத்த. இந்த மச்சி பாத்த. அந்தச் சாச்சி பாத்த. அவங்க பாத்த. அவங்களும் பாத்த.” பிறகு வாசல் பக்கம் திரும்பி, “அந்தக் கோழியும் பாத்த,” என்றான்.

முதலில் மச்சானுக்குத்தான் சிரிப்பு வந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்தது பக்கத்து வீட்டுச் சாச்சி. பிறகு என் ராத்தா. சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் குலுங்கியபோது அழுகிறாளோ என்று பயந்தேன். தலைப்பை எடுத்தாள். சிரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“யா அல்லாஹ்! நாலு கிழமையா மிளகாயில பிழை பிடிச்சுக்கிட்டிரிக்கன். கண்ணுல இரிந்திரிக்கி பிழை!”

அதற்குப் பிறகு ராத்தா அந்த வீட்டுக்குப் பொலிஸ் மாதிரி ஆகிவிட்டாள். சோறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அதுவரைக்கும் பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும், பெரியவர்கள் யாரும் பிஸ்கட்கூடக் கொடுக்கக் கூடாது. அவளுடைய பேரப்பிள்ளைகளோடு எங்கள் மூவரும் முற்றத்தில் கரைவலை விளையாடினார்கள். கொடியில் காய்ந்த மச்சானின் சாறன்தான் வலை. கோழிதான் மீன். அந்தக் கோழி பட்ட பாட்டை நான் எழுதமாட்டேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்தபோது கடைக்குட்டி தானாகவே வந்து சஹன் பக்கத்தில் இருந்தான். ராத்தா, மச்சான், நான், மூன்று பிள்ளைகள், ஆறு பேர். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்து ராத்தா சத்தமிட்டாள்:

“எல்லாரும் அங்கால திரும்புங்க! ஒருத்தரும் பாக்கக் கூடா!”

அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள், வகுப்பில் தண்டனை வாங்கியவர்கள்போல.

“அப்ப சஹனுல இரிக்கிற நாங்க?” என்றார் மச்சான்.

“கண்ண மூடுங்க.”

“கண்ண மூடிட்டு எலும்ப எப்படி எடுக்கிற?”

“முப்பது வருசமா திண்டுக்கிட்டிரிக்கன் எண்டு சொன்னீங்களே. பாதை தெரியாதா?”

பிஸ்மி சொல்லிக் கண்களை மூடினோம். நான் ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருந்தேன். இதை எழுத யாராவது பார்த்திருக்க வேண்டாமா? மச்சானின் கை சோற்றுக்குப் பதில் என் முழங்காலில் இறங்கியது. நடுவான் கோழிக்கால் என்று என் பெருவிரலைப் பிடித்து இழுத்தான். மூத்தவளுக்குச் சிரிப்பில் புரையேறியது.

“திண்டானா?” என்று கண்ணை மூடிக்கொண்டே ராத்தா குசுகுசுத்தாள்.

“எனக்கென்ன தெரியும்? நானும் குருடன்தானே இப்ப,” என்றார் மச்சான்.

ராத்தா ஒரு பிடி சோற்றைப் பிசைந்தாள். கண்கள் இறுக்க மூடியிருந்தன. அந்தப் பிடியை முன்னால் நீட்டினாள். எங்கே நீட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை முதலில் மச்சானின் தாடிக்குப் போனது. பிறகு என் காதுப் பக்கம் வந்தது. பிறகு வெறும் காற்றில் நின்றது. கடைக்குட்டி எட்டி, இரண்டு கையாலும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, தன் வாய்க்கு நேரே இழுத்து, அந்தப் பிடியை முழுதாக வாங்கிக்கொண்டான். கன்னம் இரண்டும் உப்பியது.

ராத்தாவின் கை அப்படியே நின்றது. அவன் மென்று முடிக்கும் வரைக்கும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண் ஓரத்தால் தண்ணீர் இறங்கியது.

“எப்படி மகன் சோறு?”

கடைக்குட்டி யோசித்துப் பார்த்துச் சொன்னான்: “உப்புக் காணா, மாமி.”

ஊருக்கே அளவு சொல்கிறவளின் நெய்ச்சோறு! சுவரைப் பார்த்து நின்ற அத்தனை முதுகுகளும் குலுங்கின. மச்சான் பாயில் சாய்ந்தே விட்டார். ராத்தா கண்ணை மூடியபடியே அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்:

“உப்பக் கொண்டாங்கடி கெதியா! மருமகன் கேக்கிறான்!”